பீசா கோபுரத்தில் ஏறக் காசு கேட்டால், முதலில் டிக்கெட்டைக் காட்டச் சொல்லுங்கள்

ஐரோப்பா குரூப் டூருக்குப் பணம் கட்டப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கட்டுங்கள். சென்னையில் இருக்கும் ஓர் ஏஜென்சி மூலம் அப்பா, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய் வந்தோம். புகார் கொடுத்திருப்பதால் பெயரை இங்கே போடவில்லை.

அப்பா பொதுப்பணித்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த டூரில் அவர் ஆசைப்பட்டது இத்தாலியில் இருக்கும் பீசா சாய்ந்த கோபுரம் ஒன்றுக்குத்தான். 1990-ல் கோபுரத்தை மூடி, சாயாத வடக்குப் பக்கத்து அடிமண்ணைத் துளைபோட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்து, ஐந்தரை டிகிரி சாய்வை நாலு டிகிரி அளவுக்குக் குறைத்து, 2001-ல் திரும்பத் திறந்த கதையை எங்கள் வீட்டில் கேட்காதவர்களே கிடையாது. அதனால் பணம் கட்டும் முன்பே ஏஜென்சியில் கேட்டேன். "தாராளமா ஏறலாம் சார்" என்றார்கள். அந்த வாய்ஸ் மெசேஜ் இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஃபிளாரன்ஸில் இருந்து பீசா போகும் வழியில் டூர் மேனேஜர் மைக்கைப் பிடித்தார். கோபுரத்தில் ஏறுவது பேக்கேஜில் வராதாம், ஆளுக்கு 35 யூரோ, ரொக்கமாகத் தர வேண்டுமாம். ஸ்லாட் புக் செய்தாகிவிட்டது, இப்போது தராதவர்கள் ஏற முடியாது என்றார். ரசீது கேட்டதற்கு, "இறங்கினதும் டிக்கெட்டே கையில வந்துடும் அங்கிள்" என்று அப்பாவிடம் சொன்னார். பெரும்பாலானோர் கொடுத்தார்கள். முன் சீட்டில் இருந்த குடும்பத்தில் ஆறு வயதுப் பையனுக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டார்.

டூர் பஸ்கள் கோபுரத்துப் பக்கம் போக முடியாது. தூரத்தில் இருக்கும் பார்க்கிங்கில் இறங்கி நடக்க வேண்டும். நடந்து போய்ச் சேர்ந்ததும், "ஃபோட்டோ எடுத்துக்கங்க, நான் டிக்கெட் வாங்கிட்டு வர்றேன்" என்று போனவர், அரை மணி நேரம் கழித்து வந்து, "லேட்டா வந்ததால ஸ்லாட் போயிடுச்சு, இத்தாலிக்காரன் ரீஃபண்ட் தரமாட்டான்" என்றார்.

நானும் அந்தப் பையனின் அம்மாவும் டிக்கெட் கவுன்டருக்கே போய் விசாரித்தோம். அங்கே இருந்த பெண் பொறுமையாகச் சொன்னார்: டிக்கெட் 20 யூரோ. எட்டு வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைகளுக்கு அனுமதியே இல்லை, டிக்கெட்டும் கிடையாது. எங்கள் குழுவின் பெயரைச் சொல்லிப் பார்க்கச் சொன்னோம். அப்படி ஒரு புக்கிங்கே இல்லை என்றார். அன்றைக்கு இனிமேல் இடமும் இல்லை.

திரும்பி வந்தபோது அப்பா வேலியைப் பிடித்துக்கொண்டு கோபுரத்தின் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுற்றி வட்டமாகத் தோண்டி வைத்திருப்பதால் அடிப்பகுதி தரைமட்டத்துக்குக் கீழே தெரிகிறது, தெற்குப் பக்கம் நன்றாகவே இறங்கியிருக்கிறது. அந்த நேரத்தில் டூர் மேனேஜர் மற்றவர்களிடம், வேண்டுமென்றே சாய்த்துக் கட்டினார்கள் என்று விளக்கிக்கொண்டிருந்தார். 1173-ல் தொடங்கி மூன்றாவது நிலைக்கு வரும்போதே, அடியில் இருந்த இளகிய மண் தாங்காமல் சாய ஆரம்பித்த கட்டடம் அது. கைடு என்று தனியாக யாரும் வரவில்லை, அதற்கும் சேர்த்துத்தான் நாங்கள் பணம் கட்டியிருந்தோம்.

பயணத் திட்டத்தில் "காணல்" என்றோ "ஃபோட்டோ ஸ்டாப்" என்றோ இருந்தால் வெளியே நின்று பார்ப்பது மட்டும்தான். உள்ளே போவதென்றால் "நுழைவுக் கட்டணம் உட்பட" என்று எழுதி வாங்குங்கள். இல்லையென்றால் அந்தக் கோபுரம் சேர்ந்திருக்கும் கதீட்ரல் (பேராலயம்) நிர்வாகத்தின் அதிகாரபூர்வத் தளத்தில் நீங்களே முன்கூட்டி வாங்கிவிடலாம். நேரம் போட்ட டிக்கெட் அது, ஒரு முறைக்குக் கொஞ்சம் பேரைத்தான் விடுகிறார்கள். கைப்பையைக்கூட வெளியே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் ஏற வேண்டும், அதற்கும் நேரம் ஒதுக்குங்கள். 250 படிக்கு மேல் இருக்கிறது, லிஃப்ட் கிடையாது. முட்டி வலி இருப்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஊருக்கு வந்து கேட்டதற்கு, அடுத்த டூரில் கழித்துக்கொள்கிறோம் என்று ஒரு கூப்பன் அனுப்பினார்கள். திருப்பி அனுப்பிவிட்டேன். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் பதிவு செய்திருக்கிறேன். அந்தப் பையனின் அம்மாவும் தனியாகப் பதிவு செய்திருக்கிறார். எங்களோடு அதே பஸ்ஸில் வந்தவர்கள் யாராவது இதைப் பார்த்தால், அந்த வாட்ஸ்அப் குரூப்பை அழித்துவிடாதீர்கள், எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்.