குழந்தைகள் பேரைச் சொல்லி ரேஸ் கூப்பன் நீட்டினால் உஷார்

எங்கள் அடுக்குமாடிக் குழுவில் அந்த நோட்டீஸ் மறுபடியும் வந்திருக்கிறது. சேவைக்காகக் குதிரை ரேஸ், ஓட்டுபவர்கள் எல்லாரும் அமெச்சூர் (தொழிலாக ஓட்டாதவர்கள்), வருமானம் ஆதரவற்ற குழந்தைகளுக்கு. பெங்களூருவில் நம் தமிழ்க் குடும்பங்கள் இருக்கிற வேறு குழுக்களுக்கும் கட்டாயம் வந்திருக்கும். போன நவம்பரில் இதை நம்பிப் போய் 5,000 ரூபாயை விட்டுவிட்டு வந்தவன் எழுதுகிறேன். தொகை பெரிதில்லை. கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். கண்ணெதிரே ஒரு பொய்க் கணக்கை மைக்கில் வாசித்தார்கள், கேட்டுக்கொண்டு நின்றேன். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

இடம் எலகங்காவைத் தாண்டி, தேவனஹள்ளிப் பக்கம் ஒரு தனியார் பண்ணை. நானும் மகளும் கிளம்பியபோது என் தாய்மாமாவையும் அழைத்துக்கொண்டேன். அவர் ஸ்ரீராம்புரத்துக்காரர், இருபது வருஷத்துக்கு மேல் ரேஸ் லாயத்தில் சைஸாக, அதாவது குதிரைக்காரராக இருந்தவர். குதிரையைத் தேய்த்து, கழுவி, தீனி வைத்து, அதன் பக்கத்திலேயே தூங்கியவர். ‘அமெச்சூர் ரேஸா? வேடிக்கை பாக்கலாம், பணம் கட்டாத’ என்றுதான் காரில் ஏறும்போதே சொன்னார். கேட்டிருக்கலாம்.

வாசலிலேயே மேசை போட்டுக் கூப்பன் விற்றார்கள். ஒன்று 500 ரூபாய். பந்தயம் என்ற வார்த்தையே யார் வாயிலும் வரவில்லை, எல்லாம் நன்கொடை. பிடித்த குதிரையின் நம்பருக்கு நன்கொடை கொடுக்கலாம். சேர்கிற பணத்தில் பாதி குழந்தைகளுக்கு, பாதி ஜெயிக்கிற நம்பர்காரர்களுக்கு. ‘இது சட்டப்படி சரியா?’ என்று கேட்டேன். மேசையில் இருந்தவர் தயாராகவே வைத்திருந்தார்: ‘குதிரை ரேஸ் திறமை ஆட்டம்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்லிடுச்சு சார். ரேஸ் கோர்ஸ்ல கட்டினா ஜிஎஸ்டி 40 பர்சென்ட். இங்க வரியே இல்ல, அத்தனையும் குழந்தைங்களுக்கு.’

இரண்டுமே பாதி உண்மை, அதனால்தான் எடுபட்டது. 1996-ல் சென்னை ரேஸ் கிளப் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் அப்படிச் சொன்னது நிஜம். குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் திறமை, இதையெல்லாம் எடைபோட்டுக் கட்டுகிறார்கள், வெறும் அதிர்ஷ்டம் இல்லை என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஆனால் எடைபோட ஏதாவது இருக்க வேண்டுமே. ரேஸ் கோர்ஸில் புத்தகம் வாங்கினால் குதிரை இதற்குமுன் எந்தத் தூரத்தில், எவ்வளவு எடையைச் சுமந்து, எத்தனையாவதாக வந்தது என்று அச்சடித்திருக்கும். இங்கே கையில் கொடுத்த தாளில் குதிரையின் பெயரும் ஓட்டுபவர் எந்தக் கம்பெனியில் என்ன பதவி என்பதும் இருந்தது. வரியும் அப்படித்தான். ரேஸுக்கான ஜிஎஸ்டி 28 சதவீதமாக இருந்து 2025 செப்டம்பரில் 40 ஆனது உண்மை. அதற்காக, வரி கட்டாத இடம் நியாயமான இடமாகிவிடாது என்பது எனக்கு அன்றைக்கு ஏனோ தோன்றவில்லை.

இன்னொன்றையும் கவனித்துவிட்டு விட்டுவிட்டேன். பணம் அனுப்ப ஸ்கேன் செய்தபோது போனில் அறக்கட்டளையின் பெயர் வரவில்லை, ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. அங்கேயே திரும்பியிருக்க வேண்டும்.

கடைசி ரேஸ், ஆயிரம் மீட்டர், எட்டுக் குதிரைகள். சுற்றி நடத்திக் காட்டியபோது மாமாவின் முகமே மாறிவிட்டது. மூன்றாம் நம்பரைக் காட்டி, ‘இது நிஜ ரேஸ்ல ஓடின குதிரை மாப்ளே, நடையைப் பாரு’ என்றார். ஏறி உட்கார்ந்த பையனும் சரியாக இருந்தான். அங்கவடியில் கால் வைத்த விதம், முதுகு வளைத்த விதம், எல்லாம் பழகினவன் என்று காட்டியது. பணம் கட்டாதே என்று சொன்ன மனுஷனே, ‘கட்டணும்னா இதுல கட்டு’ என்றார். பத்துக் கூப்பன் வாங்கினேன். என் மகள் வெள்ளைக் குதிரைதான் வேண்டும் என்று அடம்பிடித்து ஆறாம் நம்பரில் ஒன்று வாங்கிக்கொண்டாள். ஆறை ஓட்டியவர் நடத்துபவர்களில் ஒருவரின் மைத்துனர், தொப்பையும் தொந்தியுமாக. ஓட்டுபவர்களை எடை போட அங்கே தராசே கிடையாது. ரேஸ் கோர்ஸில் ஜாக்கி சேணத்தோடு தராசில் ஏறி எடை பார்த்துத்தான் கிளம்புவார், முடிந்ததும் மறுபடியும் ஏறிக் காட்ட வேண்டும்.

கொடி அசைத்தார்கள். மூன்று அருமையாகக் கிளம்பியது. பாதித் தூரத்தில் இரண்டு குதிரை நீளம் முன்னால். வளைவில் உள்ளே ஒட்டி வராமல் விலகி, நாலு குதிரை போகிற அளவுக்கு இடம் விட்டு வந்தது. சரி, அமெச்சூர். கடைசி இருநூறு மீட்டரில் அந்தப் பையன் நிமிர்ந்து உட்கார்ந்தான். ஒரு தடவை பின்னால் பார்த்தான். மறுபடி பார்த்தான். கை அசையவே இல்லை. குதிரை தலையைத் தூக்கி வாயைப் பிளந்தது. ஆறு பக்கத்தில் வந்து, அரை நீளத்தில் தாண்டிப் போனது. கோட்டைத் தாண்டிய பிறகு மூன்று நிற்க மனமில்லாமல் இன்னும் பாதிச் சுற்று ஓடியது. திரும்பக் கூட்டி வந்தபோது உடம்பில் வியர்வைகூடச் சரியாக இல்லை.

மாமா சத்தமே போடவில்லை. ‘குதிரை கால் போகணும்ங்குது, பையன் கை வேணாம்ங்குது. பாத்தியா?’ என்றார்.

நான் அந்தப் பையனிடமே போய்க் கேட்டேன். ‘பேலன்ஸ் போயிடுச்சு அங்கிள், ஸாரி’ என்று சிரித்தான். அதற்கு மேல் என்ன கேட்பது? இதுதான் அமெச்சூர் ரேஸில் இருக்கிற வசதி. வளைவில் விலகுவது, கிளம்பும்போது தாமதிப்பது, ஆரம்பத்திலேயே மூச்சு வாங்க ஓட விடுவது, கடைசியில் கடிவாளத்தை இழுத்துப் பிடிப்பது, இவையெல்லாம் குதிரையைத் தோற்கடிக்கிற பழைய வேலைகள் என்று மாமா விரல் விட்டு எண்ணினார். ஓட்டத் தெரியாதவன் செய்கிற தப்புகளும் இதே நாலுதான். தொழில்முறை ஜாக்கி இப்படி ஓட்டினால் ரேஸைக் கண்காணிக்கிற ஸ்டீவர்டுகள் கூப்பிட்டு விசாரிப்பார்கள், வீடியோவைப் போட்டுப் பார்ப்பார்கள், உரிமத்தை நிறுத்தி வைப்பார்கள். அங்கேயும் எல்லாரும் உத்தமர்கள் என்று நான் சொல்லவில்லை, மாமாவும் சொல்ல மாட்டார். ஆனால் பதில் சொல்ல ஒரு மேசை இருக்கிறது. இங்கே இழக்க உரிமமே இல்லாதவனை யார் என்ன செய்வது? அந்தப் பையனைக்கூட நான் முழுசாகக் குற்றம் சொல்ல மாட்டேன். நிஜமாகவே பேலன்ஸ் போயிருக்கலாம்.

கூப்பன் கணக்குக்கு அப்படிச் சமாதானம் சொல்ல முடியாது. மைக்கில் அறிவித்தார்கள்: மொத்தம் 800 கூப்பன், 4 லட்சம் ரூபாய். பாதி குழந்தைகளுக்கு. மீதி 2 லட்சம், ஆறாம் நம்பர் வாங்கிய 380 கூப்பனுக்கு. கூப்பனுக்கு 526 ரூபாய். கைதட்டல். என் மகள் ஒரே ஆட்டமாக ஆடினாள்.

அவள் கூப்பனை வாங்கிப் பார்த்தேன். ஒவ்வொரு நம்பருக்கும் தனித்தனிப் புத்தகம், ஒன்றிலிருந்து வரிசை எண். அவளுடையது ஆறாம் நம்பர் புத்தகத்தில் 41. கொடி அசைக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது வாங்கியது; எங்களுக்குப் பின்னால் வரிசையில் நாலைந்து பேர்தான். ஐந்து நிமிஷத்தில் 339 கூப்பன் விற்க முடியுமா? நாற்பத்தொன்றுதான் விற்றது என்றால் அவளுக்கு வர வேண்டியது 4,878 ரூபாய். விற்காத 339 கூப்பன் பேரில் எடுத்த 1 லட்சத்து 78 ஆயிரம் யார் கைக்குப் போனது?

கேட்டேன். இன்னொரு மேசையிலும் விற்றோம் என்றார்கள். அப்படி ஒரு மேசையை நான் பார்க்கவில்லை, மாமாவும் பார்க்கவில்லை. அடிக்கட்டையைக் காட்டுங்கள் என்றேன். அதற்குள் ஒரு அம்மாள் வந்து, ‘குழந்தைகளுக்காகப் பண்றோம் சார், ஐந்நூறு ரூபாய்க்காகவா இப்படி?’ என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அனாதைக் குழந்தையின் உண்டியலில் கை விட்டவன் மாதிரி. வாயை மூடிக்கொண்டேன்.

அப்புறம் தெரிந்த வக்கீல் ஒருவரிடம் கேட்டேன். 1872-ம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 30-வது பிரிவைக் காட்டினார். பந்தய ஒப்பந்தம் செல்லாது, ஜெயித்த பணத்துக்கு வழக்குப் போட முடியாது. அதே பிரிவில் குதிரை ரேஸுக்கு ஒரு விலக்கு இருக்கிறது, ஆனால் அது ஜெயித்த குதிரைக்குக் கொடுக்கிற 500 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள பரிசுக்குப் பணம் சேர்ப்பதற்கு மட்டும். கட்டியவனுக்கு இல்லை. கர்நாடகத்தில் ரேஸ் நடத்த 1952-ம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். உரிமம் உள்ள மைதானத்துக்குள், அதற்கென ஒதுக்கிய இடத்தில் கட்டினால்தான் அது சூதாட்டக் கணக்கில் வராது. ‘புகார் கொடுக்கப் போனா நீங்களும் சூதாடினேன்னு எழுதிக் கொடுக்கிறீங்க, பரவாயில்லையா?’ என்று கேட்டுவிட்டுக் காபி சொன்னார். வருமான வரிச் சலுகைக்கான 80ஜி நன்கொடை ரசீதாவது கேட்கலாமே என்றேன். பரிசை எதிர்பார்த்துக் கொடுத்தது நன்கொடை ஆகாது என்றார். என் தொழிலில் எனக்கே தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

நோட்டீஸில் போட்டிருந்த குழந்தைகள் இல்லத்துக்கும் போன் செய்தேன். ஒரு தொகை வந்தது என்றார்கள். எவ்வளவு என்று கேட்டதும் தயங்கினார்கள். அவர்களை நெருக்க எனக்கு மனம் வரவில்லை. இல்லத்துக்குக் கொடுக்க நினைக்கிறவர்கள் நேரே அவர்கள் கணக்கில் போட்டு ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். குதிரை பார்க்க ஆசைப்பட்டால் பார்த்துவிட்டு வாருங்கள், கூப்பன் பக்கம் போகாதீர்கள்.

என் மகள் அந்த 41-ம் எண் கூப்பனைத் திருப்பித் தராமல் தன் பென்சில் டப்பாவில் வைத்திருக்கிறாள். இந்த முறை நோட்டீஸோடு மாதிரிக் கூப்பன் படமும் வந்திருக்கிறது. பளபளவென்று, குதிரைப் படம் போட்டு, நன்றாகவே அச்சடித்திருக்கிறார்கள். வரிசை எண்ணை மட்டும் காணோம்.