இடது குதிகால் மட்டும் நனையும் வேடர்ஸ்: நான்கு வருட அனுபவம்

போன வாரம் பர்மிங்ஹாமிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். "அண்ணா, நீங்க போட்டிருக்கிற அதே வேடர்ஸ் இப்ப 95 பவுண்டுக்குப் போட்டிருக்கான். வாங்கலாங்களா?" நான் 2021 மார்ச்சில் அதையே 160 பவுண்டு கொடுத்து வாங்கியவன். அவர் செய்தி வந்த நேரத்தில் என் ஒரு கையில் பசை டியூப், மடியில் அதே வேடர்ஸின் இடது கால். உடனே பதில் எழுதியிருந்தால் வாயில் வந்ததெல்லாம் எழுதியிருப்பேன். ஆறப் போட்டு இப்போது எழுதுகிறேன்.

'வேடர்' என்று ஒருமையில் எழுதினால் கண்ணப்ப நாயனார் வந்து நிற்கிறார், அதனால் வேடர்ஸ். மீன் பிடிக்கத் தண்ணீரில் இறங்கும்போது போடுவது இது: மார்பு வரை வந்து தோளில் வாரோடு தொங்குகிற நீர் புகாத கால்சட்டை, பாதத்துக்கு நியோப்ரீன் என்கிற ரப்பர் நுரையில் சாக்ஸ், அதற்கு மேல் தனி பூட்ஸ். மற்ற விவரமெல்லாம் கடைக்காரன் எழுதியே வைத்திருக்கிறான். கம்பெனி பெயரைக் கேட்காதீர்கள். தம்பிக்குத் தெரியும், அது போதும்.

நான் இருப்பது லெஸ்டரில். வருடத்துக்கு இருபத்தைந்து, முப்பது தடவை இதை மாட்டியிருப்பேன். ஏப்ரல், மே மாதங்களில் ரட்லண்ட் வாட்டர் நீர்த்தேக்கத்தில் டிரவுட் மீன். மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை இங்கிலாந்து ஆறுகளில் டிரவுட், சால்மன் தவிர்த்த மீன்களுக்கு, அதாவது இவர்கள் 'கோர்ஸ் ஃபிஷ்' என்று சொல்கிற கெண்டை வகையறாக்களுக்குத் தூண்டில் போடக் கூடாது. ஜூன் 16 அன்று அது திறந்ததும் ஆற்றுக்குப் போய்விடுவேன், பார்பெல் பிடிக்க. குளிர்காலத்தில் டெர்பிஷைரில் டெர்வென்ட் ஆற்றில் கிரேலிங் மீன். ஆக வேடர்ஸுக்கு ஓய்வே கிடையாது. இதையும் அதன் பக்க நியாயமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கீழே நிறையத் திட்டப் போகிறேன்.

நல்லதை முதலில் சொல்கிறேன். ரட்லண்டில் ஏப்ரல் மாதத் தண்ணீர் எலும்பைத் தொடும். அதில் முழங்கால் ஆழத்தில் மூன்று மணி நேரம் நிற்கலாம், உள்ளே தடித்த கம்பளி சாக்ஸ் மட்டும் இருந்தால் போதும். தண்ணீர் நாலாபக்கமும் துணியைக் காலோடு அழுத்துகிற அந்தப் பிடிப்பு இருக்கிறதே, யாரோ கெண்டைக்காலைப் பிடித்துவிடுகிற மாதிரி இருக்கும். இதைக் கடைக்காரன் எந்த இடத்திலும் எழுதவில்லை. காற்று கரையை நோக்கி அடிக்கிற நாளில் டிரவுட் கரைக்கு வெகு அருகில் வந்துவிடும். வேடர்ஸ் வாங்கின புதிதில் எல்லோரையும் போல நானும் இடுப்பளவு உள்ளே போய் நின்று, மீன் எனக்குப் பின்னால் துள்ளுவதைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரட்லண்டில் நார்மன்டன் பக்கம் நிற்பது எனக்குப் பிடிக்கும். 1970களில் அணை கட்டித் தண்ணீர் தேக்கியபோது அங்கிருந்த தேவாலயத்தின் அடிப்பகுதியைக் கல் கொட்டி நிரப்பிவிட்டார்கள். மேல்பாதி மட்டும் கரையை ஒட்டி நிற்கிறது. முதல் தடவை அதைப் பார்த்தபோது சிரிப்பு வந்துவிட்டது. நான் மேட்டூர்க்காரன். எங்கள் அணையில் தண்ணீர் இறங்கினால் பண்ணவாடிப் பக்கம் பழைய தேவாலயக் கோபுரமும் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியும் வெளியே வரும். வேடிக்கை பார்க்கப் பரிசல் ஏறிக் கூட்டம் போகும். ஐயாயிரம் மைல் தாண்டி வந்தும் எனக்கு வாய்த்தது மூழ்கின கோயில் பக்கத்தில் தூண்டில் போடுவதுதான். அங்கே மூங்கில் கழி, நரம்பு, மயிலிறகுத் தண்டில் தக்கை, கால்சட்டையைத் தொடை வரை சுருட்டிக்கொண்டால் வேலை முடிந்தது. (இங்கேயும் பழைய ஆட்கள் தக்கைக்கு மயிலிறகுத் தண்டுதான் விசேஷம் என்கிறார்கள்.) ஓட்டை விழுகிற பிரச்சினை அங்கே கிடையாது. கால் நனையும், காயும், அவ்வளவுதான்.

சரி, ஓட்டைக்கு வருவோம்.

பதினைந்தாவது மாதம், 2022 ஜூன். ஆற்றிலிருந்து ஏறி பூட்ஸைக் கழற்றினால் இடது சாக்ஸின் குதிகால் மட்டும் ஈரம். வியர்வை என்று நினைத்தேன். அடுத்த வாரமும் அதே இடம். மூன்றாவது வாரம் வியர்வை இல்லை என்று தெரிந்துவிட்டது, ஏனென்றால் வியர்வையில் மணல் இருக்காது. கம்பெனிக்கு எழுதினேன். உத்தரவாதம் ஒரு வருடம்தான், அது மூன்று மாதம் முன்பே முடிந்துவிட்டது, மேலும் இது 'இயல்பான தேய்மானம்' என்று மரியாதையாகப் பதில் வந்தது. வலது காலும் அதே பதினைந்து மாதம்தானே உழைத்தது, அது ஏன் தேயவில்லை என்று திருப்பிக் கேட்டேன். அதற்குப் பதில் இல்லை.

வேடர்ஸில் ஓட்டை தேடுவது மொட்டை மாடி ஒழுகலைத் தேடுகிற மாதிரி. சொட்டுகிற இடம் ஒன்று, ஓட்டை இருக்கிற இடம் வேறு. தொடையில் முள் குத்தியிருந்தாலும் தண்ணீர் உள்பக்கமாக வழிந்து குதிகாலில்தான் தேங்கும். துணிப் பகுதிக்கு ஒரு நல்ல வழி இருக்கிறது: உள்பக்கத்தை வெளியே திருப்பிப் போட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைத் தெளித்தால் ஓட்டை உள்ள இடம் கரும்புள்ளியாகத் தெரியும். செய்தேன். முழங்காலுக்குப் பின்னால் கடுகளவில் இரண்டு புள்ளிகள். ஒட்டினேன். ஆற்றுக்குப் போனேன். குதிகால் ஈரம்.

நியோப்ரீனில் ஆல்கஹால் வித்தை பலிக்காது, அது கனமான ரப்பர் நுரை. கடைசியில் கைகொடுத்தது மேட்டூர் பஞ்சர் கடைதான். மனைவியின் ஹேர் டிரையரைக் குளிர்காற்றில் வைத்து வேடர்ஸுக்குள் நுழைத்து, மேல் பக்கத்தைத் துண்டால் இறுக்கிக் கட்டி, உள்ளே காற்றை நிரப்பினேன். கூடத்தில் தலையில்லாத ஓர் ஆள் படுத்திருக்கிற மாதிரி இருந்தது. பாத்திரம் கழுவுகிற சோப்பைத் தண்ணீரில் கலந்து பெயிண்ட் பிரஷ்ஷால் இடது பாதம் முழுக்கத் தடவினேன். முதலில் ஒன்றுமில்லை. அப்புறம், குதிகாலுக்கு ஒரு விரல் மேலே, தையல் நாடா வளைகிற இடத்தில் ஒரு குமிழி. உடைந்தது. இன்னொன்று. பக்கத்திலேயே பொடிப்பொடியாக நாலைந்து. டியூபை வாளித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி வந்ததும் தீக்குச்சியால் அடையாளம் வைப்பாரே பஞ்சர் கடைக்காரர், அவர் முகத்தில் வருகிற அதே திருப்தி அன்றைக்கு என் முகத்திலும் வந்திருக்கும்.

ஏன் அங்கே? தோண்டித் துருவியதில் பாதிக் குற்றம் என் மேல்தான் என்று தெரிந்தது. கார் நிறுத்துகிற இடத்தில் சரளைக்கல் மேல் வெறும் நியோப்ரீன் சாக்ஸோடு நின்றுகொண்டு பூட்ஸ் மாட்டுவது என் பழக்கம். உடம்பு எடையை இடது காலில் போட்டுத்தான் வலது பூட்ஸை மாட்டுவேன். பாதத்தில் ஒட்டிக்கொண்ட பொடிக்கல் பூட்ஸுக்குள் போய், நடக்க நடக்க உப்புத்தாள் மாதிரி அறுத்திருக்கிறது. இப்போது ஒரு பழைய கார் மிதியடியை எடுத்துப் போய் அதன் மேல் நின்றுதான் மாட்டுகிறேன். மீதிப் பாதி கம்பெனி மேல். சரியாக வளைகிற இடத்தில் கொண்டுபோய்த் தையலை வைத்தது நானா?

நேற்றைய ஒட்டைச் சேர்க்காமல் ஐந்து முறை ஒட்டியாகிவிட்டது. யூரிதேன் பசை, விரலில் எச்சில் தொட்டு மெல்லிசாகப் பரப்பினால் நன்றாகப் பிடிக்கும், முழுசாக ஒருநாள் காய வேண்டும். ஒவ்வொரு முறையும் ஐந்தாறு தடவை ஆற்றுக்குப் போகிற வரை தாங்கும். அப்புறம் பழைய ஒட்டுக்கு அரை அங்குலம் தள்ளி இன்னோர் இடத்தில் ஆரம்பிக்கும். வாளி வாளியாகத் தண்ணீர் வந்தால்கூடத் தூக்கிப் போட்டுவிடலாம். வருவது ஒரு ஸ்பூன். தூக்கிப் போட மனசு வராத அளவு, ஆனால் வீடு திரும்பும்வரை மறக்கவும் விடாத அளவு. அதுதான் எரிச்சல்.

காய வைப்பது தனி ரோதனை. கருங்கடல் பக்கத்திலிருந்து வந்த 'கில்லர் ஷ்ரிம்ப்' என்கிற, இறால் மாதிரியான பொடி உயிரி 2010இல் கிராஃபம் வாட்டர் நீர்த்தேக்கத்தில் பிடிபட்டதிலிருந்து, ஒரு நீரிலிருந்து இன்னொரு நீருக்குப் போகுமுன் உபகரணத்தைப் பார், கழுவு, காய வை என்று எல்லா இடத்திலும் பலகை மாட்டியிருக்கிறார்கள். நியாயமான விஷயம், நான் மீறுவதில்லை. ஆனால் லெஸ்டரில் நவம்பர் மாதம் நியோப்ரீன் எங்கே காய்கிறது? இரண்டு நாள் குளியலறைக் கம்பியில் தொங்கும். இரவில் விளக்குப் போடாமல் உள்ளே போன மாமியார் ஒருமுறை கத்திய கத்தலுக்குப் பக்கத்து வீட்டில் விளக்கு எரிந்தது.

மற்ற குறைகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நான் ஐந்தடி ஆறு அங்குலம், மீடியம் வாங்கினேன், முழங்காலில் துணி கொசுவம் மாதிரி சேர்ந்து நிற்கிறது. நம் உயரத்துக்குக் குட்டைக்கால் அளவு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். முன்பக்கம் ஜிப் கிடையாது, ஆகவே புறப்படுமுன் டீ குடிக்காதீர்கள். மார்புப் பையில் நீர் புகாது என்று எழுதியிருக்கிறது, என் பழைய போன் அதை நம்பித்தான் போய்ச் சேர்ந்தது. இடுப்பு பெல்ட் மட்டும் உருப்படி. டெர்வென்டில் ஒரு ஜனவரி மாதம் பாசிக் கல்லில் வழுக்கி உட்கார்ந்தேன், பெல்ட் இறுக்கமாக இருந்ததால் உள்ளே போனது ஒரு டம்ளர் அளவுதான். பெல்ட் போடாமல் இறங்குகிறவர்களோடு நான் ஆற்றுக்குப் போவதில்லை. அன்றைக்குக் கிடைத்த ஒரே கிரேலிங், கப்பல் பாய் மாதிரி முதுகுத் துடுப்பு. அந்த மீனில் தைம் இலை வாசனை வரும் என்பார்கள், அதன் லத்தீன் பெயரே அதிலிருந்து வந்ததுதான். முகர்ந்து பார்த்தேன். எனக்கு வந்தது மீன் வாடை.

இவ்வளவுக்கும் பிறகு ஏன் இன்னும் அதையே போடுகிறேன் என்று தம்பி கேட்பார். பார்பெல்தான் காரணம். நம் கெண்டைக் குடும்பம்தான், நாலு மீசை, வெண்கல நிறம், ஓட்டமான நீரில் அடியோடு அடியாகக் கிடக்கும். மாட்டினால் உயிர் போகிற வரை இழுக்கும், அதாவது அதன் உயிர். கரையில் நின்று வலையில் எடுத்து, முள்ளைக் கழற்றி, அப்படியே தண்ணீரில் விட்டால் மல்லாந்துவிடும். கோடையில், தண்ணீர் குறைவாகவும் வெதுவெதுப்பாகவும் இருக்கும்போது, இன்னும் மோசம். அதை நீரோட்டத்தை நோக்கி நிமிர்த்திப் பிடித்துக்கொண்டே நிற்க வேண்டும், அதுவாகத் தெளிகிற வரை. ஐந்து நிமிடமும் ஆகும், பதினைந்தும் ஆகும்.

போன ஜூலையில் எட்டு பவுண்டு எடையில் மீன் ஒன்று. முழங்கால் ஆழத்தில் குனிந்து, ஒரு கை வாலுக்கு முன்னால், ஒரு கை வயிற்றுக்கு அடியில். செவுள் திறந்து மூடுவது உள்ளங்கைக்குத் தெரிகிறது. முதலில் தாறுமாறாக, அப்புறம் ஒரு சீராக. நான் மேட்டூரில் பிடித்த ஒரு மீனையும் திருப்பி விட்டதில்லை. எங்கள் அம்மாவிடம் சொன்னால் இதற்கா அவ்வளவு தூரம் போனாய் என்பார். வால் மெதுவாக அசைந்தது, கையை ஒருதரம் உதறிவிட்டுப் போய்விட்டது. இடுப்பு வலியோடு நிமிர்ந்தபோதுதான் இடது குதிகாலில் சில்லென்று உணர்ந்தேன்.

ஆக, தம்பி, வாங்காதீர்கள். ரட்லண்டுக்கு மட்டும் என்றால் கரையோரமாக நிற்க முழங்கால் வரை வருகிற ரப்பர் பூட்ஸ் போதும், முப்பது பவுண்டுக்குக் கிடைக்கும், தண்ணீர் புகாது. ஆற்றில் இறங்கத்தான் வேண்டும் என்றால் இன்னும் நூறு பவுண்டு சேர்த்து, பாதத்தில் தையல் குறைவாக இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள். 95 பவுண்டுக்கு ஏன் இறக்கினான் என்று நினைக்கிறீர்கள்?

என்னுடையதற்கு நேற்று இரவு ஆறாவது ஒட்டு போட்டிருக்கிறேன். குளியலறையில் தொங்குகிறது. இன்று இரவு எட்டு மணி வரை யாரும் அதைத் தொடக் கூடாது என்று கதவில் சீட்டு ஒட்டியிருக்கிறேன். நாளை விடிந்தால் ஜூன் 16.