செமஸ்டருக்கு 75 ரூபாய்: எங்கள் கல்லூரிப் பசுமை நிதி எப்படி?

சேலத்தில் நான் படித்த கல்லூரியில் கட்டண ரசீதின் கடைசி வரி இப்படி இருக்கும்: பசுமை நிதி, ரூ.75. செமஸ்டருக்கு ஒரு முறை. முதல் வருடம் அதைப் பார்த்துவிட்டு அப்பா, "இது எதுக்கு கண்ணு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. வாழப்பாடிப் பக்கம் குச்சிக்கிழங்கு போட்டுப் படிக்க வைத்தவருக்கு 75 ரூபாயும் கணக்குதான். மூன்றாம் வருடம் அதே நிதியிலிருந்து 24,000 ரூபாய் வாங்கி விடுதியில் ஒரு வேலையை முடித்தேன். இனி விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

கல்லூரியைப் பசுமையாக்கும் வேலைகளுக்கு மாணவர்கள் விண்ணப்பித்து வாங்கும் இந்த நிதி, நிர்வாகம் போட்ட கட்டணம் இல்லை. எங்களுக்கு முந்தைய செட் வகுப்பு வகுப்பாக ஓட்டு எடுத்துத் தொடங்கியது. கலிபோர்னியாவில் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் 2007-ல் இதேபோல ஓட்டுப் போட்டு, தங்கள் கட்டணத்திலேயே ஒரு நிதியை உண்டாக்கினார்கள். அதைப் படித்த ஒரு சீனியர் அக்கா இங்கே பேச்சை ஆரம்பித்தாராம். ஆனால் எனக்கு மூக்கனேரிதான் நினைவுக்கு வரும். 2010-ல் சேலத்துக்காரர்கள் தாங்களே பணம் திரட்டித் தூர்வாரி, தோண்டிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் வைத்தார்கள். கன்னங்குறிச்சிப் பக்கம் போனால் இன்றும் பார்க்கலாம். நம் கைக்காசு போட்ட இடத்தை நாம் திரும்பிப் போய்ப் பார்ப்போம், இல்லையா?

சரி, என் வேலைக்கு வருகிறேன். எங்கள் விடுதியில் போர் தண்ணீர்தான். சேலத்தின் வடபுறம் மாக்னசைட் என்கிற வெள்ளைக் கல் கிடக்கும் பூமி, அந்தத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, வாளியில் வெள்ளை படியும். குடிக்க ஆர்.ஓ. என்கிற, உப்பைப் பிரிக்கும் சுத்திகரிப்பு மெஷின் வைத்திருந்தார்கள். மெஸ்ஸுக்குப் பின்னால் அதன் கழிவுக் குழாய் இரவும் பகலும் சாக்கடையில் ஊற்றிக்கொண்டே இருக்கும். ஒருநாள் மெஸ் அக்கா, "இம்புட்டுத் தண்ணிய ஏங் கண்ணு சும்மா விடறாங்க?" என்றார். அந்தக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது.

20 லிட்டர் பக்கெட்டை வைத்து போனில் நேரம் பார்த்தேன். நல்ல தண்ணீர் நிறைய 5 நிமிடம், கழிவுத் தண்ணீர் நிறைய 3 நிமிடம். குடிக்கக் கிடைப்பதைவிடக் கொட்டுவதுதான் அதிகம்! தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் போர் தண்ணீர் 1,400 காட்டியது, கழிவு 2,200-ஐத் தொட்டது. ஆர்.ஓ. உப்பை அழிப்பதில்லை, ஒரு பக்கம் ஒதுக்குகிறது, அவ்வளவுதான். அதனால் அந்தத் தண்ணீரைக் குடிக்கவோ சமைக்கவோ கூடாது. கழிப்பறைக்குத் தாராளமாக ஊற்றலாம்.

அந்தத் தண்ணீரை டேங்கில் பிடித்துக் கழிப்பறைக்கு விடப் பணம் கேட்டு விண்ணப்பித்தேன். விண்ணப்பம் இரண்டு பக்கம், தமிழிலும் எழுதலாம். கமிட்டியில் ஐந்து மாணவர்கள், இரண்டு ஆசிரியர்கள். அவர்கள் கேட்ட கேள்விகள் அருமையானவை. "உப்புத் தண்ணீர் போனால் மோட்டார் தாங்குமா?" "வார்டன் ஒத்துக்கொண்டாரா?" "நீ பாஸ் அவுட் ஆன பிறகு யார் பார்ப்பார்கள்?" என் வயதுப் பையன் ஒருவன் என் கணக்கை வரிவரியாகப் படித்து, பைப் அளவில் இருந்த தவறைக் கண்டுபிடித்தான். பொதுப் பணம் என்றால் என்ன என்று எந்தப் பாடத்தைவிடவும் எனக்கு அது நன்றாகப் புரியவைத்தது.

பணம் வருவதுதான் பாடு. மூன்று கடையில் கொட்டேஷன் வாங்க வேண்டும். அதற்காக நானும் தோழியும் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு சனிக்கிழமை முழுக்க அலைந்தோம். அப்புறம் முதலில் நாமே வாங்கி, பில் கொடுத்தால்தான் திருப்பித் தருவார்கள். எனக்கு ஏழு வாரம் ஆனது. தோழி வீட்டில் கடன் வாங்கித்தான் டேங்க் இறக்கினோம். கையில் காசு இல்லாத வீட்டுப் பிள்ளைகள் இதைப் பார்த்தே விண்ணப்பிக்காமல் விடுவார்கள். மாணவர் பணத்தில் நடக்கும் திட்டத்தில் இது பெரிய குறை, பாதியையாவது முன்பணமாகத் தர வேண்டும்.

1,000 லிட்டர் டேங்க், அரை எச்.பி. மோட்டார், தரைத்தளக் கழிப்பறைகளுக்குத் தனி லைன். நல்ல லைனோடு கலந்துவிடாமல் இருக்க, பைப் முழுக்கச் சிவப்புப் பெயிண்ட் அடித்து, 'குடிக்காதீர்' என்று எழுதினோம். எங்களுக்கு முந்தைய ஆண்டு இதே நிதியில் ஒரு குழு ஆர்.ஓ. கழிவைத் தோட்டத்துக்கு விட்டிருந்தது. ஆறே மாதத்தில் கறிவேப்பிலைச் செடியின் இலை ஓரமெல்லாம் கருகிவிட்டது, மண்ணில் உப்பு ஏறிவிட்டது. அந்தக் குழு தங்கள் தவறையும் அறிக்கையில் எழுதி வைத்திருந்ததால்தான் நாங்கள் தப்பித்தோம். முடிந்த வேலைகளின் அறிக்கைகளை நிதி அறையில் ஃபைலாக வைத்திருக்கிறார்கள். கட்டாயம் படியுங்கள்.

இன்னொரு குறையையும் சொல்லியாக வேண்டும். இந்த நிதி வாங்கி வைப்பதற்குத்தான் பணம் தரும், பழுது பார்ப்பதற்குத் தராது. நான்காவது மாதம் டேங்கின் மிதவை வால்வு உப்புப் பிடித்து இறுகி, தண்ணீர் வழிய ஆரம்பித்தது. வால்வு விலை 300 ரூபாய்க்குள்தான். ஆனால் அந்தத் தொகைக்கு எந்தக் கணக்கிலும் இடமில்லை. மெஸ் அக்காதான் வினிகரில் ஊறவைத்துத் தேய்த்துச் சரிசெய்தார், இப்போது மாதம் ஒருமுறை அவரே செய்கிறார். அவர் இல்லையென்றால் அது இந்நேரம் காய்ந்த டேங்காக நின்றிருக்கும். கொடுக்கும் தொகையில் பத்தில் ஒரு பங்கைப் பராமரிப்புக்கு ஒதுக்குங்கள் என்று கமிட்டிக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். பார்த்துக்கொள்கிற ஊழியருக்கும் அதிலிருந்து ஏதாவது கொடுக்க வேண்டும் என்றும் சேர்த்திருக்கிறேன்.

இவ்வளவு குறை சொன்னாலும், ஐந்துக்கு நான்கு தருவேன். அப்பா பட்டமளிப்புக்கு வந்தபோது டேங்கைக் காட்டினேன். சிவப்புப் பைப் போகிற வழியெல்லாம் கூடவே நடந்து பார்த்துவிட்டு, "நம்ம 75 ரூபாயும் இதுக்குள்ள இருக்குதா?" என்றார்.

விண்ணப்பிக்கிறவர்கள் முதலில் ஒரு வாரம் பக்கெட்டோடு போய் அளந்துவிட்டு எழுதுங்கள். நாங்கள் அளந்து எழுதிய நோட்டு மெஸ் அக்காவிடம் இருக்கிறது, கேட்டால் தருவார்.