ஃபார்ச்சூனரும் ஸ்விஃப்டும்: வேகமெடுப்பதில் எது முந்தும்?

டொயோட்டா ஃபார்ச்சூனரின் 2.8 லிட்டர் டீசல் எஞ்சின் 204 குதிரைத்திறன் தருகிறது. 2024இல் வந்த மாருதி ஸ்விஃப்டின் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் தருவது ஏறத்தாழ 82 மட்டுமே. எண்களை மட்டும் பார்த்தால் போட்டியே இல்லை என்று தோன்றும். ஆனால் ஃபார்ச்சூனர் 2 டன்னுக்கும் அதிகமான எடையைச் சுமந்து செல்ல, ஸ்விஃப்டின் எடை சுமார் 920 கிலோதான் என்பதால், ஒரு டன்னுக்குக் கிடைக்கும் திறனில் இரண்டும் வியப்பூட்டும் அளவுக்கு நெருங்கி வருகின்றன.

உண்மையான வேறுபாடு முறுக்கு விசையில், அதாவது எஞ்சின் தன் தண்டைச் சுழற்றும் வலிமையில் இருக்கிறது. ஃபார்ச்சூனரின் ஆட்டோமேட்டிக் வகை நிமிடத்துக்கு 1,600 சுழற்சியிலேயே 500 நியூட்டன் மீட்டரை எட்டிவிடுகிறது. எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைச் செலுத்தும் டர்போ இல்லாத ஸ்விஃப்டோ தனது 112 நியூட்டன் மீட்டருக்கு 4,300 சுழற்சி வரை ஏற வேண்டும். இதனால்தான் நெடுஞ்சாலையில் லாரியை முந்தும்போது ஸ்விஃப்டில் கியரைக் குறைக்க வேண்டியிருக்கிறது. ஐந்து பேர் ஏறி 350 கிலோ கூடினால், ஸ்விஃப்டின் எடை மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உயர்ந்து அதன் வேகமெடுப்பு வெளிப்படையாகத் தளர்கிறது. ஃபார்ச்சூனருக்கு அதே சுமை ஆறில் ஒரு பங்குதான். குடும்பத்தோடு அடிக்கடி தொலைதூரம் செல்பவர்கள் இந்தக் கணக்கையே முதலில் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. நகருக்குள் தனியாக ஓட்டுபவருக்கு ஸ்விஃப்டே போதும்.