குந்தாவா, சில்லஹல்லாவா? நீலகிரியின் இரு நீரேற்று மின்திட்டங்கள்

நீலகிரியின் குந்தா பகுதியில் மின்வாரியம் வகுத்த நீரேற்று மின்திட்டங்களில் இரண்டை இங்கே எடுத்துக்கொள்கிறேன். குந்தா திட்டம் 500 மெகாவாட், சில்லஹல்லா 1000 மெகாவாட். இரண்டும் செய்யப்போவது ஒரே வேலைதான். ஆடிக் காற்றில் காற்றாலை மின்சாரம் மிஞ்சும்போது கீழ் அணைத் தண்ணீரை மேலே ஏற்றிவைத்து, தேவை கூடும் நேரத்தில் இறக்கி மின்சாரம் எடுப்பது. கோவை மாவட்டத்துக் கடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் 1980களின் கடைசியிலிருந்தே இப்படித்தான் ஓடுகிறது. ஆகவே தேவையா இல்லையா என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. எந்த வழியில் என்பதுதான் கேள்வி.

குந்தா திட்டத்துக்குப் புது அணை வேண்டாம். மேலே போர்த்திமந்து, கீழே அவலாஞ்சி-எமரால்டு என இரு நீர்த்தேக்கங்களும் கனடாவின் உதவியோடு கட்டிய பழைய குந்தா திட்டக் காலத்திலிருந்தே இருக்கின்றன. புதிதாக வருவது சுரங்கமும் நிலத்தடி மின்நிலையமும்தான். சில்லஹல்லாவுக்கோ இரண்டு அணை கட்டவேண்டும்: சில்லஹல்லா ஆற்றில் ஒன்று, குந்தா ஆற்றில் ஒன்று. நிலம் மூழ்கும். தேயிலையும் காய்கறியும் போட்டுப் பிழைக்கிற படுகர் ஊர்களில் எதிர்ப்பு கிளம்பியது நியாயமே.

இப்படிப்பட்ட திட்டங்களின் சுற்றுச்சூழல் அனுமதிக்கு மத்திய அரசின் 2006 அறிவிக்கை வகுத்த பாதை இதுதான். முதலில் எதையெதை ஆராய வேண்டும் என்று மத்திய நிபுணர் குழு வரையறுக்கும். பிறகு ஆய்வறிக்கை, மக்கள் கருத்துக்கேட்பு, கடைசியில் மதிப்பீடு.

இதில் குந்தாவுக்குத்தான் சுலபம் என்று தோன்றும். மூழ்கும் நிலம் என்ற பெரிய கேள்வியே அங்கே எழுவதில்லை. ஆனால் மலையைக் குடைந்தால் கல்லும் மண்ணும் மலைமலையாக வெளியே வரும். அதைச் சரிவில் கொட்டிவிட்டால் அடுத்த பெருமழையில் ஓடைக்குள் இறங்கிவிடும். குந்தாவுக்கு அனுமதி கிடைத்தது 2007-இல். பெரிய அளவில் வேலை தொடங்கியது பத்தாண்டுக்குப் பிறகு. நடுவே 2009 நவம்பரில் நீலகிரி நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. 2007-இன் காகிதத்துக்கு இந்த மலையைத் தெரியாது. நதிப் பள்ளத்தாக்குத் திட்டங்களின் அனுமதிக் காலத்தை 2022-இல் 13 ஆண்டாக நீட்டியதும் எனக்குக் கவலை தருகிறது. நீட்டும் ஒவ்வொரு முறையும் சரிவுகளைப் புதிதாக அளந்தே ஆகவேண்டும்.

இரண்டில் ஒன்றைத்தான் எடுக்கலாம் என்றால் நான் குந்தாவை எடுப்பேன். இருக்கிற நீர்த்தேக்கத்தை முழுசாகப் பயன்படுத்தாமல் விளைநிலத்தை மூழ்கடிப்பதற்கு எந்தச் சமாதானமும் பொருந்தாது. அதற்காகக் குந்தாவைக் கேள்வி கேட்காமல் விட்டுவிடவும் முடியாது. அப்புறம், இரு திட்டங்களும் ஒரே ஆற்றுப் படுகையில் வருகின்றன. ஒவ்வொன்றையும் தனித்தனிக் கோப்பாகப் பார்த்தால் மொத்தச் சுமை யார் கண்ணிலும் படாது.

கருத்துக்கேட்புக்கு முப்பது நாளாவது முன்னறிவிப்பு தரவேண்டும், அறிக்கைச் சுருக்கத்தைத் தமிழிலும் வைக்கவேண்டும் என்பது விதி. சில்லஹல்லாவுக்கு அந்த நாள் வந்தால் ஊர்க்காரர்கள் முதலில் கேட்க வேண்டியவை இரண்டு. தோண்டும் மண்ணை எந்தெந்தச் சர்வே எண்ணில் கொட்டப்போகிறார்கள்? ஏற்கெனவே ஓடும் குந்தா மின்நிலையங்களையும் சேர்த்த தண்ணீர்க் கணக்கு எங்கே?