ரூபியாஸ்: கடலில் பிடித்த சால்மன் எந்த ஆற்றுப் பிள்ளை என்று சொல்லும் மென்பொருள்

சால்மன், பிறந்த ஆற்றுக்கே திரும்பி வந்து முட்டையிடும் மீன். தலைமுறை தலைமுறையாக இப்படியே நடப்பதால் ஒவ்வோர் ஆற்றுக் கூட்டத்திலும் அல்லீல்களின் (ஒரே மரபணு இடத்தில் வரும் மாற்று வடிவங்கள்) விகிதம் மெல்ல மெல்ல விலகிப்போயிருக்கிறது. கடலுக்குள் போனதும் எல்லா ஆற்று மீன்களும் கலந்து மேய்கின்றன. அங்கே கண்ணால் பார்த்துப் பிரிக்க வழியில்லை. பொரிப்பகத்துக் குஞ்சுகளின் மூக்கில் 1.1 மில்லிமீட்டர் நீளக் குறியீட்டுக் கம்பியைச் செருகி விடுகிறார்கள். ஆற்றில் தானாகப் பிறக்கும் காட்டுக் குஞ்சுகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்த வாய்ப்பே கிடையாது. அவை கடலில் எங்கே போகின்றன என்று அறிய, துடுப்பில் வெட்டியெடுத்த நகக்கண் அளவுத் துணுக்குதான் கைகொடுக்கிறது.

அந்தத் துணுக்கின் மரபணு வகையை எடுத்துக்கொண்டு ஆற்றைக் கணித்துச் சொல்வதற்காக எழுதப்பட்டது ரூபியாஸ். புள்ளியியல் கணக்குகளுக்கான ஆர் நிரல்மொழியில் ஓடும் இலவச மென்பொருள். ஆர் தொகுப்புகளின் பொதுக் களஞ்சியமான க்ரானிலிருந்து நேரடியாக நிறுவிக்கொள்ளலாம். பென் மோரன், எரிக் ஆண்டர்சன் இருவரும் இதன் கணித முறையை 2019இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டார்கள். உள்ளே கனமான கணக்குகள் சி ப்ளஸ் ப்ளஸில் ஓடுகின்றன. நூறு குறிப்பான்களும் (மீனுக்கு மீன் வேறுபடும் டி.என்.ஏ. இடங்கள்) சில ஆயிரம் மீன்களும் இருந்தாலும் சாதாரண மடிக்கணினி போதும். இதற்கு முன் பலரும் நம்பியிருந்த ஆன்கார் என்ற மென்பொருள் விண்டோஸில் மட்டுமே ஓடியது, பட்டன்களை அழுத்தி வேலை வாங்கலாம். ரூபியாஸில் பட்டன் எதுவும் இல்லை. ஆர் தெரியாதவருக்கு முதல் வாரம் கஷ்டம்தான். ஆனால் ஒருமுறை எழுதிய நிரலை அடுத்த பருவத்துக்கும் அப்படியே ஓட்டலாம் என்பதால் அந்தக் கஷ்டம் வீண்போகாது.

முதல் சறுக்கல் கோப்பை அடுக்குவதிலேயே வரும். முதல் நான்கு நெடுவரிசைகள் சாம்பிள் டைப் (மாதிரி வகை), ரெப்யூனிட் (விடையில் ஒன்றாகச் சேர்த்துக் காட்டும் கூட்டங்களின் குழு), கலெக்ஷன் (கூட்டம் அல்லது கலவையின் பெயர்), இன்டிவ் (தனி மீனின் அடையாளம்). ஐந்தாவதிலிருந்து ஒவ்வொரு லோக்கஸுக்கும் (குறிப்பான் இடம்) பக்கத்துப் பக்கமாக இரண்டு நெடுவரிசைகள். ஆறு தெரிந்த ஒப்பீட்டு மீனுக்கு ‘ரெஃபரன்ஸ்’ என்றும் கடலில் பிடித்ததற்கு ‘மிக்ஸ்சர்’ என்றும் எழுத வேண்டும். கடல் மீனுக்கு ரெப்யூனிட் கட்டம் என்.ஏ.வாக (ஆரில் ‘தரவு இல்லை’ என்பதன் குறி) இருக்க வேண்டும். இந்த நான்கும் எழுத்துச் சரங்களாக இருப்பது கட்டாயம், ஃபேக்டராக (ஆர் வகைப்பட்டியலாகச் சேமிக்கும் வடிவம்) இருந்தால் ஏற்காது. 2020இல் வந்த ஆர் 4.0க்கு முந்தைய பதிப்பில் கோப்பைத் திறந்தால் சரங்கள் தாமாகவே ஃபேக்டராகிவிடும். பழைய கணினியில் வரும் பிழைச் செய்திக்குப் பெரும்பாலும் இதுவே காரணம்.

பிழைச் செய்தி வந்தால் நல்லது. செய்தியே வராத தவறுகள்தான் ஆபத்து. மரபணு வகைத் தரவைச் சேமிக்கும் ஜீன்பாப் கோப்பு வடிவத்தில் விடுபட்ட தரவைச் சுழியம் போட்டுக் காட்டுவது வழக்கம். அதை என்.ஏ.வாக மாற்றாமல் ஏற்றினால் ரூபியாஸ் சுழியத்தையும் ஓர் அல்லீலாக எண்ணிக்கொண்டு சத்தமில்லாமல் கணக்குப் போட்டுவிடும். தரம் குறைந்த மாதிரிகள் எல்லாம் விடுபட்ட தரவு அதிகமுள்ள ஏதாவதோர் ஆற்றுக் கூட்டத்தில் போய்க் குவியும். இரண்டு ஆய்வகத் தரவைச் சேர்க்கும்போது இன்னொரு வம்பு: ஒருவர் டி.என்.ஏ.வின் ஓர் இழையையும் மற்றவர் எதிர் இழையையும் படித்திருந்தால், ஏ-டி வகை எஸ்.என்.பி.யில் (ஓர் எழுத்து மட்டும் மாறும் டி.என்.ஏ. இடம்) அல்லீல்கள் தலைகீழாகிவிடும், எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பொதுவான சில மீன்களை இரு ஆய்வகங்களிலும் ஓட்டி ஒப்பிட்ட பிறகே சேர்க்க வேண்டும்.

அடுத்து, ஒரே மீன் இருமுறை வந்திருக்கிறதா என்று பார்க்க ‘க்ளோஸ் மேட்சிங் சாம்பிள்ஸ்’ ஃபங்ஷன் இருக்கிறது. இதைத் தவிர்க்கவே கூடாது. படகில் அவசரமாகத் துடுப்பு வெட்டும்போது ஒரே மீன் இரண்டு உறைக்குள் போவது சாதாரணம். கத்தரியைத் துடைக்காமல் அடுத்த மீனை வெட்டினால் இரண்டு மீனின் டி.என்.ஏ. கலந்துவிடும். அத்தகைய மாதிரியில் வேற்றுநுக லோக்கஸ்கள் (இரண்டு அல்லீலும் வேறாக உள்ளவை) அளவுக்கு மீறி இருக்கும். ரூபியாஸ் அதைத் தனியாகச் சுட்டிக்காட்டாது, நாமே எண்ணிப் பார்த்து நீக்க வேண்டும்.

இனி ஒப்பீட்டுத் தொகுப்பு, அதாவது ஆறு தெரிந்த மீன்களின் தரவு. கடல் மீனைத் தொடுமுன் ‘செல்ஃப் அசைன்’ ஓட்டிப் பாருங்கள். ஒவ்வொரு மீனையும் அதன் சொந்தக் கூட்டத்திலிருந்து விலக்கி வைத்துவிட்டே கணிப்பதால் பொய்யான துல்லியம் வராது. இரண்டு ஆறுகள் ஒன்றோடொன்று குழம்பினால் அவற்றை ஒரே ரெப்யூனிட்டில் சேர்த்துவிடுவதுதான் நேர்மை. கலிஃபோர்னியா மத்தியப் பள்ளத்தாக்குச் சினூக் சால்மனில் குளிர்காலத்தில் ஆறேறும் கூட்டம் தெளிவாகப் பிரியும்; ஃபெதர் ஆற்றின் வசந்தகாலக் கூட்டமோ இலையுதிர்காலக் கூட்டத்தோடு கலந்தே கிடக்கிறது. ஒரே ஆற்றுக்குள் எந்தப் பருவத்தில் ஏறும் மீன் என்பதைப் பொதுக் குறிப்பான்களால் சொல்வது கடினம். அதற்கு 28ஆம் குரோமோசோமில் க்ரெப்-1-எல் மரபணுவை ஒட்டிய குறிப்பான்கள் தொகுப்பில் இருக்க வேண்டும். மென்பொருளைக் குறை சொல்லிப் பயனில்லை.

முக்கியமான ஃபங்ஷன் ‘இன்ஃபர் மிக்ஸ்சர்’. கடலில் பிடித்த கலவையில் எந்த ஆற்று மீன் எவ்வளவு என்று கணிப்பது இதுதான். கணக்கு இயல்பாக 2000 சுற்றுகள் ஓடும், நிலைப்படுவதற்கான முதல் 100 தள்ளுபடி. கலெக்ஷன் நெடுவரிசையில் வேறு பெயர் கொடுத்த ஒவ்வொரு கலவையையும் தனித்தனியாகக் கணிக்கும். வலசையைத் தொடர உதவுவது இந்த வசதிதான்: மாதத்தையும் கடற்பகுதியையும் சேர்த்துக் கலவைக்குப் பெயரிட்டால், எந்த ஆற்றுப் பங்கு எந்த மாதம் எங்கே ஏறுகிறது என்பது தெரியவரும். ஆனால் ஆசைப்பட்டு மிகச் சிறிதாக நறுக்க வேண்டாம். முப்பது கூட்டங்கள் உள்ள தொகுப்புக்கு எதிரே பதினைந்து மீன் கொண்ட கலவையை வைத்தால், அரிதான கூட்டங்களின் பங்கைப் பற்றி அந்தப் பதினைந்தும் எதையும் சொல்லாது.

பலரும் தடுமாறும் இடம் விடையைப் படிப்பது. ஒவ்வொரு மீனுக்கும் மிக அதிக நிகழ்தகவு உள்ள ஆற்றைக் குறித்துக்கொண்டு தலை எண்ணுகிறார்கள். அப்படிச் செய்யக் கூடாது. 1000 மீனில் 10 மட்டுமே அரிய கூட்டம் என்று வைத்துக்கொள்வோம். மீதி 990இல் 2 சதவீதம் தவறாக அந்தக் கூட்டத்துக்குப் போனாலும் கிட்டத்தட்ட 20 மீன். பத்து இருந்த இடத்தில் முப்பது என்று கணக்கு வரும். அருகிவரும் கூட்டத்தின் பெயரில் இப்படி எழுதினால் மீன்பிடி ஒழுங்குமுறையே தவறாகிவிடும். 0.8க்குக் கீழே உள்ளவற்றைத் தள்ளிவிட்டு எண்ணுவதும் தீர்வல்ல, தள்ளப்படும் மீன்கள் எல்லா ஆறுகளிலிருந்தும் சமமாகப் போவதில்லை. பங்கு வேண்டுமென்றால் கலவை விகித அட்டவணையைத்தான் எடுக்க வேண்டும். அதன் நிச்சயமின்மை இடைவெளியைக் கணிக்கும்போது, ஒவ்வொரு சுற்றிலும் ரெப்யூனிட்டுக்குள் உள்ள கூட்டங்களை முதலில் கூட்டி, பிறகு 2.5, 97.5 சதமானங்களைப் பாருங்கள். வரிசை மாறினால் இடைவெளியும் மாறிவிடும்.

ஒரு ரெப்யூனிட்டில் இருபது கூட்டமும் இன்னொன்றில் ஒன்றே ஒன்றும் இருந்தால் கணிப்பு பெரியதன் பக்கம் சாயும். மெத்தட் என்ற இடத்தில் ‘பி.பி.’ கொடுத்தால் பாராமெட்ரிக் பூட்ஸ்ட்ராப் (போலிக் கலவைகளை உருவாக்கிச் சாய்வை அளக்கும் முறை) அந்தச் சாய்வைத் திருத்துகிறது. நேரம் கூடுதலாகும், காத்திருக்கலாம். ரூபியாஸைத் தேர்ந்தெடுக்க இந்த ஒரு காரணமே போதும்.

இன்னொரு காரணம், யாரும் சரியாகக் கவனிக்காத இசட் ஸ்கோர் (மீனின் மரபணு வகை அந்தக் கூட்டத்துக்கு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு) நெடுவரிசை. ரூபியாஸ் ஒவ்வொரு மீனையும் தொகுப்பில் உள்ள ஏதாவதோர் ஆற்றில் போட்டே தீரும். தொகுப்பிலேயே இல்லாத ஆற்று மீன் வந்தாலும் 0.99 நிகழ்தகவோடு தவறான ஆற்றைச் சொல்லலாம். இசட் ஸ்கோர்தான் அப்போது காட்டிக்கொடுக்கும்: உண்மையில் அந்தக் கூட்டத்தவை என்றால் மதிப்புகள் சுழியத்தைச் சுற்றி இயல்நிலைப் பரவலில் விழும்; மைனஸ் மூன்றுக்குக் கீழே போனால் சந்தேகப்படுங்கள். இனமே மாறி வந்த மீனும் உண்டு. மென்பொருளோடு தரப்படும் சினூக் மாதிரித் தரவில் கலிஃபோர்னியக் கோஹோ சால்மனும் ஒரு கூட்டமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது. படகில் சினூக் என்று எழுதிவந்த கோஹோவைப் பிடித்துத் தர அது உதவும். சொந்தத் தொகுப்பு தயாரிப்பவர்களும் இதைப் பின்பற்றலாம்.

வயது, பொரிப்பகம், பெற்றோர் எல்லாம் துல்லியமாக வேண்டுமென்றால் இது பொருத்தமான கருவி இல்லை. பொரிப்பகத் தாய் தந்தை மீன்களின் மரபணு வகையைப் பதிவு செய்துவைத்து வாரிசைக் கண்டுபிடிக்கும் முறை தனியாக உண்டு. வரைபடமும் இது வரையாது. மீன் எந்த வழியாக நீந்தி வந்தது என்றும் சொல்லாது; பிடிபட்ட இடத்தில் அது யாருடைய பிள்ளை என்பது மட்டுமே விடை.

விடை கிடைக்கும் வேகம் மென்பொருளைவிட மரபணு வகை எடுக்கும் வேலையைத்தான் சார்ந்திருக்கிறது. ஜி.டி.-சீக் என்ற மரபணு வகை எடுக்கும் முறையில் முதல் பி.சி.ஆரில் (டி.என்.ஏ.வைப் பெருக்கும் வினை) எல்லா லோக்கஸ்களையும் ஒன்றாகப் பெருக்கி, இரண்டாவதில் மீனுக்கு ஒரு பார்கோடு ஒட்டி, ஆயிரக்கணக்கான மீன்களை ஒரே ஓட்டத்தில் படித்துவிடலாம். ஆனால் சிறு தொகையாக அனுப்பினால் ஒரு மீனுக்கான செலவு எகிறும். 2019இலும் 2020இலும் அலாஸ்கா வளைகுடாவுக்குப் போன குளிர்கால ஆய்வுப் பயணங்களில் டி.என்.ஏ. படிக்கும் நானோபோர் கருவியைக் கப்பலிலேயே வைத்துக் கோஹோ சால்மனின் ஆற்றைக் கணித்துப் பார்த்தார்கள். நானோபோரில் வாசிப்புப் பிழை அதிகம் என்பதால், அந்த வழியில் போகிறவர்கள் இன்னொரு வகைக் கருவியான இல்லுமினாவில் படித்த தொகுப்போடு அப்படியே ஒப்பிடாமல், குறிப்பான் குறிப்பானாகச் சரிபார்த்து, ஒத்துவராதவற்றைக் கழித்துவிட்டே ரூபியாஸில் ஏற்ற வேண்டும்.