வெங்காயத் தோலா, ஏரிக்கரையா?

செல், திசு, உறுப்பு என்று தொடங்கி சூழ்நிலை மண்டலம் வரை போகும் உயிரினங்களின் படிநிலைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர, வெங்காயத் தோலின் செல்லிலிருந்து தொடங்குவதா, ஏரியிலிருந்து தொடங்குவதா என்று வேலூரில் டியூஷன் எடுக்கும் என்னிடம் பெற்றோர் பலர் கேட்கிறார்கள். நான் இரண்டையும் செய்து பார்த்திருக்கிறேன்.

செலவு
வெங்காயம்: அயோடின் ஒரு சொட்டு, கண்ணாடித் தகடு. நுண்ணோக்கி மட்டும் பள்ளியில் கேட்க வேண்டும்.
ஏரி: காவேரிப்பாக்கத்துக்கு பஸ் கட்டணம். ஆனால் ஒரு நாள் போய்விடும்.

புரிவது
வெங்காயம்: 100 மடங்கு பெருக்கத்தில், செங்கல் அடுக்கியது போல செல்கள், உள்ளே உட்கரு. செல்கள் சேர்ந்து திசு, திசுக்கள் சேர்ந்து உறுப்பு என்பது சட்டெனப் பிடிபடும். அதற்கு மேல் போகாது.

ஏரி: அங்குள்ள கெளுத்தியில் ஒரே இனத்தவை எல்லாம் சேர்ந்தால் இனக்கூட்டம். மீன், நாரை, பாசி, நத்தை எல்லாம் சேர்ந்தால் சமுதாயம். தண்ணீர், சேறு, வெயிலையும் சேர்த்தால்தான் சூழ்நிலை மண்டலம். கடைசி இரண்டையும்தான் பிள்ளைகள் தேர்வில் குழப்பிக்கொள்கிறார்கள். கரையில் நின்று விரல்விட்டு எண்ணிய என் மாணவர்களுக்கு அந்தக் குழப்பம் வரவில்லை.

அப்புறம், அந்தத் தண்ணீரில் கொஞ்சம் பாட்டிலில் கொண்டு வாருங்கள். அதில் பாரமீசியம் என்ற நுண்ணுயிரி கிடைத்தால் அதிர்ஷ்டம்! திசுவும் இல்லை, உறுப்பும் இல்லை. ஒரே செல்தான் முழு உயிரி.

தேர்வு நெருங்கிவிட்டதா? வெங்காயம் போதும். சின்னப் பிள்ளை, கையில் நேரமும் இருக்கிறதா? ஏரிதான். மே மாதம் வற்றிக் கிடக்கலாம். மழை முடிந்து டிசம்பர், ஜனவரியில் போங்கள்.